ஏறியது மூச்சு, இறங்கியது தொடை: வெள்ளியங்கிரி போய்வந்த ஒரு சைக்கிள்காரரின் கால்கள்

என் பிசியோதெரபி அறைக்கு வாசலில் மூன்று படிகள்தான். பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தவர் அந்த மூன்றையும் கொஞ்சம் முகம் சுளித்தபடி ஏறிவிட்டார். திரும்பிப் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து இறங்கினார். கூட வந்திருந்த அவருடைய தாய்மாமன் அதே படிகளைச் சாதாரணமாக இறங்கி, கீழே நின்று மருமகனுக்குக் கை கொடுத்தார்.

மருமகனுக்கு வயது 36. மாமாவுக்கு 58. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மலையிலிருந்து, ஒரே பாதையில் இறங்கியவர்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அடுத்த ஏழு வாரம் பின்தொடர்ந்தேன். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அந்த இரவும் மறுநாளும்

அவர் கோவையில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். எட்டு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறார். ஞாயிறு தவறாமல் 60 கிலோமீட்டர் போவார், ஆனைக்கட்டிச் சாலை ஏற்றமெல்லாம் அவருக்குப் பழக்கம். மூச்சு, இதயம், தொடை எல்லாமே நல்ல நிலையில் இருந்த மனிதர். ஆனால் ஓடும் பழக்கம் கிடையாது. வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் உண்டு. மாமா விவசாயி. மாதந்தோறும் கிருத்திகைக்கு மருதமலைக்குப் படியேறிப் போய், படியிலேயே இறங்குவார். உடற்பயிற்சி என்று அவர் தனியாக எதுவும் செய்வதில்லை.

சனிக்கிழமை இரவு பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். ஏழு மலையும் சேர்த்து ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம். மருமகன் பறந்துவிட்டார். மாமாவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உச்சிக்குப் போய்க் குளிரில் காத்திருந்தாராம். விடியலில் தரிசனம் முடிந்து இறங்கத் தொடங்கினார்கள். ஏறும்போதே கம்பு அதிகம் தேவைப்படவில்லையே என்று, எதிரே கம்பில்லாமல் ஏறி வந்த ஒரு அம்மாவிடம் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கம்புக்கு இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு.

பாறைக்குப் பாறை தாவி, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக இறங்கியிருக்கிறார். மூச்சே வாங்கவில்லை. அதனால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். மூன்றாவது மலைக்கு வந்தபோது முழங்கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. கடைசியில், வெள்ளை விநாயகர் கோயிலுக்குக் கீழே முதல் மலையின் படிக்கட்டில், கால் இரண்டு முறை மடங்கிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து, கையூன்றி நகர்ந்திருக்கிறார். பின்னால் கம்பை ஊன்றி நிதானமாக வந்த மாமா, "என்ன மாப்ள, ஏறுறப்ப பறந்தீங்க, இப்ப இப்படி உக்காந்துட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே தோள் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்.

இதில் முக்கியமான ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு வலி இல்லை. "வலியே இல்லீங்க மேடம், காலு என் பேச்சக் கேக்கல, அவ்வளவுதான்" என்றார். திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து எழுந்தபோது வலி தொடங்கியது. செவ்வாய்க்கிழமை உச்சம்.

முதலில் கேட்ட கேள்வி

அவர் உட்கார்ந்ததும் நான் கேட்டது காலைப் பற்றி அல்ல. "சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது?" என்றுதான். இதைக் கேட்காமல் இப்படிப்பட்ட தொடையில் கை வைக்கவே கூடாது. தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தால் அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும், அல்லது குறைந்துபோகும். அப்படி இருந்தால் பிசியோதெரபி அறையில் வேலை இல்லை, உடனே மருத்துவமனைதான். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து இறங்கியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இவருக்கு நிறம் சாதாரணமாகவே இருந்தது. ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரையைத் திங்களன்று மூன்று வேளையும் போட்டிருந்தார். நீர் வற்றிய உடம்பில் அந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை. அதை நிறுத்தச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். மருத்துவர் எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையில், தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி 6,400 இருந்தது. வழக்கமாக இருநூறு சொச்சத்துக்குள் இருக்க வேண்டியது. சிறுநீரக அளவுகள் சரியாக இருந்தன. நிறையத் தண்ணீர், ஓய்வு, சிறுநீரைக் கவனித்துக்கொள்ளவும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து எடுத்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது.

தொடையைத் தொட்டுப் பார்த்ததில், முழங்காலுக்குச் சற்று மேலே முன்தொடைத் தசையின் கீழ்ப்பகுதியில் வலி அதிகம். தொடை லேசாக வீங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தது. மூட்டில் கோளாறு எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் சோதனையில், 30 விநாடிக்கு 7 முறைதான் எழ முடிந்தது. முழங்காலை நீட்டும் பலத்தைக் கையடக்க விசைமானியில் அளந்தேன். மலையேறுவதற்கு முன் அவருடைய அளவு என்னவென்று என்னிடம் இல்லை. அதனால் ஆறாவது வாரம் எட்டிய, அதற்குப் பிறகு மாறாத அளவை 100 என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் செவ்வாய்க்கிழமை அவருடைய பலம் 57.

ஏறத்தாழ பாதிக் கால்தான் அவரிடம் இருந்தது.

சைக்கிள் சொல்லித் தராத வேலை

"லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்குமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். அதற்கு 1983லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரைச் சமதளத்திலும், இறக்கமாகச் சாய்த்த டிரெட்மில்லிலும் 45 நிமிடம் ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் ஏறியது, மறுநாள் வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் ஏறவே இல்லை, வலி மட்டும் வந்தது.

அப்படியானால் இறக்கத்தில் என்னதான் நடக்கிறது? மலை ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பிரேக். கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கும்போது கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்போமே, அதுதான். தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. இதற்குத்தான் எக்சென்ட்ரிக் வேலை என்று பெயர். ஒவ்வொரு காலடிக்கும் உடம்பின் முழு எடையும், வேகமாக இறங்கினால் அதைவிட அதிகமும், நீண்டுகொண்டிருக்கும் தசையின் மேல் விழுகிறது. இது ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

சைக்கிளில் இந்த வேலை அநேகமாக இல்லவே இல்லை. பெடலை அழுத்துவது சுருங்கும் வேலை மட்டுமே. எட்டு வருடம் ஆனைக்கட்டி ஏறியும் அவருடைய தொடை ஒரு நாள்கூடப் பிரேக் பிடித்ததில்லை. சைக்கிளில் பிரேக் பிடித்ததெல்லாம் கைதான்.

இந்த வேலையின் ஏமாற்றும் குணம் என்னவென்றால், அது லேசாகத் தெரியும். 1952ல் இங்கிலாந்தில் அபாட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனால் தடுப்பவர் செலவிட்ட ஆக்சிஜன் சில மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உடம்புப் பெண் ஒருவர் தடுத்துப் பிடித்தே பெரிய ஆணைக் களைக்க வைத்துவிட்டாராம். நீளும் தசை நார் ஒவ்வொன்றும் சுருங்கும் நாரைவிட அதிக விசையைத் தாங்கும். அதனால் அதே எடைக்குக் குறைந்த நார்களே போதும். மூச்சு வாங்காததன் காரணம் அதுதான். கெடுதலின் காரணமும் அதேதான்: பத்துப் பேர் தூக்க வேண்டியதை நான்கு பேர் தூக்குகிறார்கள். நம் ஆள் "மூச்சே வாங்கவில்லை" என்று நம்பி வேகத்தைக் கூட்டியது இந்த இடத்தில்தான் தப்பாகப் போனது.

இதை ஒரே ஆளின் இரண்டு கால்களிலும் காட்டியவர்கள் உண்டு. 1983ல் பிரிட்டனில் நியூஹாமும் உடன் ஆய்வாளர்களும், ஒரு பலகை மேல் எப்போதும் ஒரே காலால் ஏறி, எப்போதும் மற்றக் காலை வேலை வாங்கி இறங்கும்படி 20 நிமிடம் செய்ய வைத்தார்கள். பிறகு இரண்டு தொடையிலிருந்தும் துளித் தசை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஏற்றிய கால் பழையபடியே இருந்தது. இறக்கிய காலில் தசையின் உள்வரிசை கலைந்திருந்தது. அதுவும் உடனே எடுத்ததைவிட ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்த துளியில் சேதம் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. சாப்பிட்ட சாப்பாடு, தூக்கம், வயது, பழக்கம் எல்லாம் ஒன்றேயான ஒரு உடம்பில், இறங்குதல் என்ற ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

பலம் எங்கே போகிறது

ஒரு தசை நாருக்குள் சார்க்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் சங்கிலிக் கண்ணிகள் மாதிரி வரிசையாக இருக்கின்றன. இழுத்து நீட்டும்போது எல்லாக் கண்ணியும் சமமாக நீள்வதில்லை. நொய்ந்த கண்ணி எல்லை தாண்டி நீண்டுவிடுகிறது. திரும்பத் திரும்ப இழுக்க, அப்படிப்பட்டவை பெருகி, பக்கத்தில் உள்ள சவ்வும் கிழிகிறது.

ஆனால் பலம் இழப்பதற்குக் கிழிசல் மட்டும் காரணமில்லை. நரம்பு கொடுக்கும் கட்டளையைக் கால்சியமாக மாற்றித் தசைக்குள் அனுப்பும் அமைப்பும் பழுதாகிறது. எலிகளில் நடத்திய சோதனைகளில், முதல் சில நாட்களின் பலவீனத்தில் பெரும்பங்கு இந்தக் கோளாறுதான் என்று காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிடம் இதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தசைக்கு விநாடிக்கு 100 முறை மின்தூண்டல் கொடுத்தால் ஓரளவு பலம் வரும். 20 முறை மட்டும் கொடுத்தால் பலம் மிகவும் விழுந்திருக்கும். படி இறங்க, எழுந்து நிற்க, நடக்க நாம் தினமும் பயன்படுத்துவது இந்தக் குறைந்த வேகக் கட்டளைகளைத்தான். அதனால்தான் பல்லைக் கடித்து ஒரு முறை உதைக்கச் சொன்னால் கால் உதைக்கிறது, சும்மா ஒரு படி இறங்கச் சொன்னால் மடங்குகிறது. "காலு என் பேச்சக் கேக்கல" என்று அவர் சொன்னதைவிடச் சரியாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நேரம் நீள நீள மூளையும் தன் கட்டளையைச் சுருக்குகிறது. ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி 166 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில், 2009ல் 22 பேரை முன்னும் பின்னும் அளந்தார்கள். முழங்கால் நீட்டும் பலம் 35 சதவீதம் குறைந்திருந்தது. அதில் தசைக்குள் இருந்த கோளாறு ஒரு பகுதிதான், தசையை முழுதாகத் தூண்ட நரம்பு மண்டலத்தால் முடியாமல் போனது பெரிய பகுதி. இழந்ததில் பெரும்பகுதி ஒன்பது நாளுக்குள் திரும்பியது, பதினாறாம் நாள் அளந்தபோது பழைய பலம் வந்திருந்தது. இரண்டு மடங்கு நீளமான வேறொரு மலைப் பந்தயத்தில் ஓடியவர்களுக்கு இழப்பு இதைவிடக் குறைவாகவே இருந்தது. அவர்கள் நிதானமாக ஓடியவர்கள். மாமாவைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்.

வலி போனது, பலம் வரவில்லை

வெள்ளிக்கிழமை அவருக்கு வலி அநேகமாக நின்றுவிட்டது. போன் செய்து, "சரியாயிடுச்சுங்க, சைக்கிள் எடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சனிக்கிழமை ரயில் நிலைய மேம்பாலப் படியில் இறங்கும்போது கால் மடங்கி, மூன்று படி சறுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். திங்களன்று அளந்தேன். பலம் 72. நாற்காலியில் 13 முறை.

இந்த இடத்தை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வலிக்கும் பலத்துக்கும் ஒரே கடிகாரம் இல்லை. பலம் மலையிலேயே போய்விடுகிறது, வலி மறுநாள்தான் வருகிறது. வலி ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறது, பலம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. போதாக்குறைக்கு, இப்படி அடிபட்ட தசைக்குத் தான் எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்ற மதிப்பீடும் தவறிப்போகிறது. தடுமாற்றம் அதனால்தான். வலி இல்லை என்பதை வைத்து வாகனம் ஓட்டுவது, பாரம் தூக்கி இறங்குவது எல்லாம் அந்த வாரத்தில் ஆபத்து.

சிகிச்சை என்று நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் நாட்களில் சமதளத்தில் கொஞ்சம் நடை, லேசான தடவல். தடவல் வலியைச் சற்றுக் குறைக்கும். இழுத்து நீட்டும் பயிற்சிகளால் இந்த வலி சொல்லும்படி குறைவதில்லை, அதனால் அதில் நேரம் செலவிடவில்லை. பதினைந்தாம் நாள் பலம் 87. அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது.

ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே சேதமாகும். இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில், சிலவற்றில் ஆறு மாதம் வரைகூட நிற்கிறது. முழுதாக அடிபட வேண்டிய அவசியமும் இல்லை. கைத்தசையில் நோசாகா என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளில், சில எக்சென்ட்ரிக் இழுப்புகளே பிறகு வரும் பெரிய தொகுதியிலிருந்து ஓரளவு காப்பாற்றின. மாமா மாதம் ஒருமுறை மருதமலையில் இறங்கியது, அவர் அறியாமலே போட்டுக்கொண்ட தடுப்பூசி. அதோடு கம்பும் இருந்தது. வேல்ஸில் ஸ்னோடன் மலையில் 37 பேரை வைத்துச் செய்த ஆய்வில், கைத்தடிகளோடு ஏறி இறங்கியவர்களுக்குத் தொடைப் பலம் குறைவாகவே இழந்தது, வலியும் குறைவு. அடிவாரத்தில் கம்பு விற்கிறவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை. நமக்குத்தான் தேவை, ஏனென்றால் உச்சியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறோம்.

அதனால் அவருக்கு நான் கொடுத்த பயிற்சி தலைகீழானது. மருதமலைக்குப் பஸ்ஸில் ஏறிப் போய், படியில் இறங்கி வர வேண்டும். வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு முறை. இந்த யோசனை என்னுடையது மட்டுமல்ல. ஆஸ்திரியாவில் கேபிள் காரில் ஏற்றி, நடந்து இறங்கவிட்டு ஒரு ஆய்வு நடத்தினார்கள். இரண்டு மாதத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டது. இதய நோயோ முதுமையோ காரணமாக மூச்சு வாங்க ஏற முடியாதவர்களுக்கு, மருத்துவர் சம்மதித்தால், அளவாக இறங்குவது நல்ல வழி. பழனியில் விஞ்ச்சில் ஏறிப் படியில் இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இருபத்தொன்பதாம் நாள் பலம் 96. ஆறாவது வாரம் நாற்காலியில் 21 முறை எழுந்தார்.

சித்திரைக் கடைசியில், பாதை மூடுவதற்குள் இருவரும் மறுபடி வெள்ளியங்கிரி போனார்கள். இந்த முறை கம்பைக் கொடுக்கவில்லை. மாமாவுக்குப் பின்னாலேயே இறங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் வரச் சொல்லி அளந்தேன். பலம் 91. வலி, முன்பு பத்துக்கு எட்டு என்றவர், இப்போது இரண்டு என்றார். இதில் பழைய அடியின் பாதுகாப்பு எவ்வளவு, மருதமலைப் பயிற்சி எவ்வளவு, கம்பு எவ்வளவு, மாமாவின் வேகம் எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துப் பிரிக்க முடியாது. நான்கும் சேர்ந்துதான் அவரை என் வாசல் படியில் முகம் முன்னால் பார்க்க இறக்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் தொடர்கிறது. வீட்டில் மட்டும் ஒரு மாற்றம்: மூன்றாவது மாடிக்கு லிப்டில் ஏறுகிறார், படியில் இறங்குகிறார்.